மூத்தம்மாவின் சிவப்புக்கல்: பங்கு பிரிக்க முன் ஒரு பரிசோதனை

நமது சமூகத்துக்கும் இரத்தினக்கல்லுக்கும் உள்ள தொடர்பைப் புதிதாகச் சொல்லத் தேவையில்லை. பேருவளை சீனன்கோட்டையிலும் இரத்தினபுரியிலும் கல்லை நம்பியே தலைமுறைகள் வாழ்ந்திருக்கின்றன. கல் வியாபாரம் செய்யாத வீடுகளில்கூட அலுமாரிக்குள் ஒரு மோதிரமோ பென்டனோ இருக்கும். அதற்கு ஒரு பெயரும் இருக்கும், ஒரு கதையும் இருக்கும். "இது நல்ல நீலம்", "இது அந்தக் காலத்து ரூபி" என்று பெரியவர்கள் சொல்லிவைத்திருப்பார்கள்.

அப்படிச் சொன்னவர் உயிரோடு இருக்கும்வரை அது ஒரு நகைதான். அவர் மௌத்தான மறுநாளே அது வாரிசுச் சொத்தாகிவிடுகிறது. அந்தக் கல் உண்மையில் என்ன என்ற கேள்வியை அப்போதாவது கேட்க வேண்டும். ஆனால் அநேகமான குடும்பங்களில் யாரும் கேட்பதில்லை. கேட்டால் மௌத்தானவரைச் சந்தேகிப்பது போலாகிவிடும் என்ற தயக்கம்தான் காரணம். எங்கள் குடும்பத்திலும் அந்தத் தயக்கம் இருந்தது.

எனது மூத்தம்மா, அதாவது வாப்பாவின் உம்மா, ஒரு சிவப்புக்கல் பென்டன் வைத்திருந்தார். அவரது கல்யாணத்துக்கு அவருடைய வாப்பா கொடுத்தது. ஏறத்தாழ ஐந்து கரட் இருக்கும், ஒரு கீறல் இல்லை, வெளிச்சத்தில் பிடித்தால் நெருப்புத்தணல் போல இருக்கும். மூத்தம்மா மௌத்தானபோது வாரிசுகள் மூவர்: பெரியவாப்பா, வாப்பா, மாமி. கடன், வஸிய்யத் எதுவும் இருக்கவில்லை. ஷரீஅத்தின்படி சொத்தை ஐந்தாகப் பிரித்தால் ஆண்மக்களுக்கு இரண்டிரண்டு பங்கும் மாமிக்கு ஒரு பங்கும் வரும்.

"தங்கச்சிக்கு உம்மாட கல்லைக் குடுப்போம், அது எங்கட பங்கையும் விடக் கூடப் பெறும்" என்று பெரியவாப்பா சொன்னார். அவர் மனமறிந்து யாரையும் ஏமாற்றுபவர் அல்ல. உண்மையிலேயே தங்கைக்கு நல்லதைக் கொடுப்பதாகத்தான் நினைத்தார். மாமியும் சம்மதித்தார். காணியும் வீடும் சகோதரர்களுக்கு, கல் சகோதரிக்கு என்று பேச்சு முடியும் நிலையில், கல்லை ஒரு தடவை பரிசோதித்துப் பெறுமதியை எழுதிவைப்போம் என்று நான் கேட்டேன். சற்று முகச்சுளிப்புக்குப் பின் எல்லோரும் ஒத்துக்கொண்டார்கள்.

ஆய்வுகூட அறிக்கையில் இருந்தது ஒரே வரிதான்: செயற்கை ரூபி.

இதன் அர்த்தத்தைச் சரியாக விளங்கிக்கொள்ள வேண்டும். அது கண்ணாடி அல்ல, போலியும் அல்ல. ரூபியும் நீலக்கல்லும் கொரண்டம் என்ற ஒரே கனியம். இரண்டும் பளிங்காகிய அலுமினியம் ஒட்சைட்டு. அதில் சிறிதளவு குரோமியம் கலந்தால் சிவப்பு, இரும்பும் டைட்டேனியமும் கலந்தால் நீலம். இதையே மனிதனும் செய்யலாம் என்பதை பிரான்ஸ் நாட்டு இரசாயனவியலாளர் ஒகுஸ்ட் வெர்னேய் 1902ஆம் ஆண்டு உலகுக்கு அறிவித்தார். நுண்ணிய அலுமினாத் தூளுடன் குரோமியத்தைக் கலந்து, 2000 பாகை செல்சியஸுக்கும் மேற்பட்ட ஒட்சிசன்-ஐதரசன் சுவாலையினூடாகத் தூவினால், அது உருகிக் கீழேயுள்ள தண்டின் மீது துளித்துளியாகப் படிந்து பளிங்காக வளரும். மண்ணுக்குள் நீண்ட யுகங்கள் எடுத்த வேலை சில மணித்தியாலங்களில் முடிந்துவிடும். 1910ஐ அண்டிய காலத்தில் நீலக்கல்லையும் இதே முறையில் செய்தார்கள்.

நமது வீடுகளில் உள்ள மிகப் பெரிய தவறான நம்பிக்கை இங்கேதான் உடைகிறது. "இது பழைய கல், அந்தக் காலத்தில் ஏது போலி?" என்று கேட்கிறோம். அந்தக் காலத்தில்தான் செயற்கைக் கற்கள் தாராளமாக உலகச் சந்தைக்கு வந்தன. வெர்னேய்க்கு முன்னரே, 1880களில், 'ஜெனிவா ரூபி' என்ற செயற்கைக் கல் ஐரோப்பிய வியாபாரிகளைக் குழப்பியிருந்தது. ஆகவே நூறு வருடப் பழமை, அசல் தங்கத்தில் கட்டிய வேலைப்பாடு, வாங்கிக் கொடுத்தவரின் நேர்மை ஆகிய மூன்றும் சேர்ந்தாலும் அவை கல்லுக்கான சான்றிதழ் ஆகாது.

வீட்டுப் பரிசோதனைகளும் உதவாது. பாலில் போட்டுப் பார்ப்பார்கள், கண்ணாடியைக் கீறிப் பார்ப்பார்கள், வாயால் ஊதி ஆவி எவ்வளவு விரைவாக மறைகிறது என்று பார்ப்பார்கள். இவற்றால் சில வேளைகளில் கண்ணாடித் துண்டைக் கண்டுபிடிக்கலாம். ஆனால் செயற்கை ரூபியின் கடினத்தன்மையும் இயற்கை ரூபியினுடையது போல 9தான். சாரடர்த்தியும் அதே 4.00, ஒளிமுறிவுச் சுட்டியும் அதே 1.76-1.77. இரண்டும் ஒரே பொருள் என்பதால் கீறினாலும் நிறுத்தாலும் ஒரே விடைதான் வரும்.

நிறுத்துப் பார்ப்பதற்கு நமது வரலாற்றில் ஒரு பெருமைக்குரிய இடம் உண்டு. ஆயிரம் வருடங்களுக்கு முன் வாழ்ந்த அறிஞர் அல்-பிரூனி, கற்கள் வெளியேற்றும் நீரை அளந்து அவற்றின் அடர்த்தியை ஒப்பிட்டார். 'யாகூத்' எனப்படும் ரூபியை விட 'லஃல்' எனப்படும் சிவப்புக்கல் இலேசானது என்று அவர் பதிவுசெய்தார். அந்த லஃல்தான் இன்று ஸ்பினல் என அழைக்கப்படும் வேறொரு கனியம். பிரித்தானிய அரச கிரீடத்தின் முன்பக்கத்தில் பதிக்கப்பட்டு இன்றும் 'கறுப்பு இளவரசரின் ரூபி' என்றே அழைக்கப்படும் பெரிய சிவப்புக்கல்லும் ஸ்பினல்தான். அரச குடும்பத்தின் கல்லுக்கே பெயர் ஒன்றாகவும் இயல்பு வேறாகவும் இருக்கும்போது, நம் வீட்டுக் கல்லின் பெயர் மாறுவதில் வெட்கப்பட எதுவும் இல்லை.

அப்படியானால் செயற்கைக் கல்லை எப்படி இனங்காண்கிறார்கள்? அது வளர்ந்த விதத்தைப் பார்த்துத்தான். இயற்கைக் கொரண்டத்தினுள் வளர்ச்சிக் கோடுகள் நேராகவோ கோணமாகவோ இருக்கும். பல கற்களில் பட்டுநூல் போன்ற மெல்லிய ஊசிகள் ஒன்றையொன்று வெட்டி ஓடும். சுவாலையில் வளர்ந்த கல்லில் கோடுகள் வளைந்திருக்கும், பழைய இசைத்தட்டின் கோடுகளைப் போல. சில இடங்களில் சிறிய வாயுக் குமிழிகளும் தெரியும். எங்கள் கல்லை நுணுக்குக்காட்டியில் வைத்து அந்த வளைகோடுகளை எனக்கும் காட்டினார்கள். மூத்தம்மாவின் கல்லில் ஒரு கீறல்கூட இல்லை என்று நாங்கள் பெருமைப்பட்டோமே, உண்மையில் அந்தக் குறையின்மைதான் முதலில் சந்தேகப்பட வேண்டிய விடயம். அந்த அளவில், அந்த நிறத்தில், மாசற்ற இயற்கை ரூபி மிக மிக அரிது.

பரிசோதனைக்குச் செல்பவர்கள் வேறு சில முடிவுகளுக்கும் தயாராக இருக்க வேண்டும். மேலே கார்னட்டும் கீழே நிறக் கண்ணாடியும் சேர்த்து ஒட்டிய பழைய கற்கள் உண்டு. சூடாக்கப்பட்ட கற்களும் உண்டு. நம் நாட்டில் பால்நிறமாகக் கிடைக்கும் கெவுடாக் கற்களை 1970களில் தாய்லாந்து வியாபாரிகள் மலிவாக வாங்கி, உயர்வெப்பத்தில் சூடாக்கி, நல்ல நீலமாக மாற்றினார்கள். அது இயற்கைக் கல்தான், ஆனால் சூடாக்காத கல்லின் விலை அதற்கு வராது. மாறாக, எதிர்பாராத நல்ல முடிவும் வரலாம். 1945இல் டப்ளின் நகரில் ரிச்சர்ட் டாஃப் என்பவர் ஸ்பினல் என நம்பி வாங்கிய கற்களில் ஒன்று, அதுவரை உலகம் அறியாத புதிய கனியமாக இருந்தது. இன்று டாஃபைட் என்ற பெயரில் அது மிக அரிய கற்களில் ஒன்று. அந்த வகைக் கல் நம் நாட்டிலும் கிடைக்கிறது.

நமது நாட்டில் தேசிய இரத்தினக்கல் மற்றும் ஆபரண அதிகார சபைக்கு ஆய்வுகூடம் உண்டு, தனியார் ஆய்வுகூடங்களும் உள்ளன. கொண்டுசெல்ல முன் கல்லைப் புகைப்படம் எடுத்து, நகையோடு நிறுத்து எழுதிவையுங்கள். ஒப்படைக்கும்போது பற்றுச்சீட்டு வாங்குங்கள். முடிவு தெரியும்வரை பட்டை தீட்டவோ சூடாக்கவோ யார் சொன்னாலும் சம்மதிக்க வேண்டாம். இன்னொன்று, ஆய்வுகூட அறிக்கை பொதுவாகக் கல் என்ன என்பதைத்தான் சொல்லும், விலையைச் சொல்லாது. விலைக்கு, அந்தக் கல்லை வாங்கும் நோக்கமில்லாத அனுபவசாலிகள் இருவரிடமாவது கேளுங்கள்.

அறிக்கை வந்த அன்று எங்கள் வீட்டில் சிறிது நேரம் யாரும் பேசவில்லை. உறவினர் ஒருவர், அறிக்கையைக் காட்டாமல் வெளியே விற்றுவிடலாம் என்று மெதுவாகச் சொன்னார். வாப்பா அதை அந்த இடத்திலேயே மறுத்துவிட்டார். தெரிந்த குறையை மறைத்து விற்பது ஹலாலாகாது என்பதை நம் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுக்கிறோமே. மாமி மட்டும், "உம்மா பொய் சொல்லல்லயே, உம்மாக்குத் தெரிஞ்சதைத்தானே சொன்ன" என்றார். அந்த ஒரு வார்த்தையோடு எல்லோருடைய மனப்பாரமும் இறங்கியது.

பின்னர் கணக்கு மறுபடியும் போடப்பட்டது. மாமியின் ஐந்தில் ஒரு பங்கு காணியாகவும் பணமாகவும் முழுமையாகக் கொடுக்கப்பட்டது. பென்டனை எந்தக் கணக்கிலும் சேர்க்காமல், உம்மாவின் ஞாபகமாக, சகோதரர்கள் இருவரும் தங்கைக்கே விட்டுக்கொடுத்தார்கள். பரிசோதிக்காமல் இருந்திருந்தால், ஒரு பெண்ணுக்கு அல்லாஹ் விதித்த பங்குக்குப் பதிலாகப் பெறுமதி குறைந்த ஒரு கல் போயிருக்கும். யாரும் அநியாயம் செய்ய நினைக்காமலேயே அந்த அநியாயம் நடந்திருக்கும்.

பெண்பிள்ளைக்கு நகை, ஆண்பிள்ளைக்குக் காணி என்று பிரிக்கும் வழக்கம் நம் ஊர்களில் இன்னும் இருக்கிறது. காணியை அளக்க நில அளவையாளரை அழைக்கிறோம், உறுதியைச் சட்டத்தரணியிடம் காட்டுகிறோம். ஆனால் கல்லை மட்டும் வாய்க்கதையை நம்பிப் பங்கில் சேர்த்துவிடுகிறோம். கதையைப் பேரப்பிள்ளைகளுக்குச் சொல்லுங்கள், அது குடும்பத்தின் சொத்து. பங்கு பிரிக்கும் நாளில் மேசையில் கல்லோடு அதன் அறிக்கையும் இருக்கட்டும். குறிப்பாக, அந்தக் கல் ஒரு சகோதரியின் பங்காகப் போகிறதென்றால், அந்த அறிக்கையைக் கேட்டு வாங்கும் பொறுப்பு சகோதரர்களுடையது.