தம்பியின் வினைக் கணக்கை யார் பார்த்தது?

சென்ற ஆண்டு ஒரு திருமண விருந்தில், சக்கர நாற்காலியில் இருந்த என் தம்பியைப் பார்த்து உறவினர் ஒருவர், “போன பிறவியில் என்ன பாவம் செய்தானோ!” என்றார். அம்மா பதில் பேசாமல் அவனுக்குச் சோறு ஊட்டிக்கொண்டிருந்தார். எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை.

அந்த வாரமே சமய வகுப்பில் கேட்டேன். “நம் சமயம் இதைத்தான் சொல்கிறதா, ஐயா?”

ஆசிரியர் வெண்பலகையில் மூன்று சொற்களை எழுதினார்.

சஞ்சிதம்: பல பிறவிகளில் செய்து, இன்னும் அனுபவிக்காமல் குவிந்திருக்கும் பழவினை.

பிராரத்தம்: அதிலிருந்து இப்பிறவியில் நுகர்வதற்கென வந்த பகுதி. உடம்பும் இன்ப துன்பமும் இதன்படி அமைகின்றன.

ஆகாமியம்: இப்போது புதிதாகச் செய்யும் ஏறுவினை. இதுவே சஞ்சிதத்தில் சேர்ந்து, வரும் பிறவிக்கு வித்தாகிறது.

மூட்டையில் இருக்கும் நெல், இலையில் விழுந்த சோறு, இன்று தூவும் விதை என்று நான் நினைவில் வைத்துக்கொண்டேன்.

“அப்படியென்றால் அவர் சொன்னது சரிதானே?” என்றேன். தொண்டை அடைத்தது.

“சைவ சித்தாந்தத்தில் வினை சடப்பொருள். செய்தவரை அது தானாகத் தேடி வராது, இறைவனே கூட்டுவிக்கிறான். அந்தக் கணக்கைப் பார்த்தவர்போல் நாம் பேசலாமா? மனம், வாக்கு, காயம் மூன்றாலும் வினை விளையும். உன் தம்பி நுகர்வது அவனுடைய பிராரத்தம். அதைக் குத்திக் காட்டிய சொல், சொன்னவருடைய ஆகாமியம்.”

“தம்பியைப் பார்த்துக்கொள்வதால் எனக்குப் புண்ணியம் சேருமா?”

ஆசிரியர் சிரித்தார். “சேரும். ஆனால் புண்ணியமும் பிறவி தரும். தீவினை இரும்பு விலங்கு. நல்வினை பொன் விலங்கு. இரண்டையும் சமமாக எண்ணும் நிலையை இருவினையொப்பு என்பார்கள். அவ்வளவு தூரம் போக வேண்டாம். அவன் உன் தம்பி என்பதற்காகச் செய், போதும்.”

வீட்டில் திருக்குறளைப் புரட்டினேன். 38ஆம் அதிகாரம் ‘ஊழ்’. 62ஆம் அதிகாரம் ‘ஆள்வினையுடைமை’. ஊழின் வலிமையைச் சொன்ன வள்ளுவரே முயற்சிக்கும் தனி அதிகாரம் வைத்திருக்கிறார். தேர்வில் தோற்றால் ‘தலையெழுத்து’ என்று ஒதுங்கும் நம் பழக்கம் நினைவுக்கு வந்தது.

நண்பர்களே, வந்துவிட்டதை மாற்ற நம்மால் முடியாமல் போகலாம். அடுத்து என்ன சொல்கிறோம், என்ன செய்கிறோம் என்பது நம் கையில் இருக்கிறது. அடுத்த விருந்தில் யாராவது அப்படிக் கேட்டால், நான் அம்மாவைப்போல் மௌனமாக இருக்க மாட்டேன். ஆனால் என் பதிலும் ஒரு வினைதான். அதனால் அதைக் கோபமில்லாமல் சொல்லப் பழகிக்கொண்டிருக்கிறேன்.