பயணம் நின்றால் முன்பணம் யாருக்கு?

பணி ஓய்வுக்குப் பிறகு மகன், மகள், பேரப்பிள்ளைகளோடு ஒரு வேனை எடுத்துக்கொண்டு, சமையல் சாமான்களையும் ஏற்றி, ஆறுபடை வீடு, கும்பகோணம், ராமேஸ்வரம் என்று ஒரு சுற்றுச் சுற்றி வருவது வேலூர் சத்துவாச்சாரிக் குடும்பங்களுக்குப் புதிதல்ல. கேரவன் என்றால் சினிமா படப்பிடிப்பு வண்டி என்றிருந்த காலம் போய், 2021 செப்டம்பரில் கேரள அரசு அதற்கென்றே ஒரு சுற்றுலாக் கொள்கையை அறிவித்த பிறகு, படுக்கையும் அடுப்பும் உள்ள வண்டியிலேயே ஊர் ஊராகத் தங்கிப் போகும் ஆசை இங்கும் பரவியிருக்கிறது. வண்டி எதுவானாலும் முதலில் கைமாறுவது முன்பணம்தான். 2020 மார்ச் 25 அன்று நாடு முழுக்க ஊரடங்கு தொடங்கியபோது, அப்படிக் கொடுத்த முன்பணம் பல முதியவர்களுக்குத் திரும்பி வரவே இல்லை. “அரசாங்கமே நிறுத்திவிட்டது, நாங்கள் என்ன செய்வது” என்ற ஒரே பதிலோடு பேச்சு முடிந்துவிட்டது. ஆம்பூர், ராணிப்பேட்டை தோல் தொழிற்சாலைகளில் ஆயுள் முழுக்க உழைத்தவருக்குக் கிடைக்கும் இ.பி.எஃப். ஓய்வூதியத்தின் குறைந்தபட்சத் தொகை இன்னும் மாதம் 1,000 ரூபாய்தான். அவருக்கு 20,000 ரூபாய் முன்பணம் என்பது 20 மாத ஓய்வூதியம். பயணம் நின்றது யார் குற்றமும் இல்லை என்பது உண்மை. ஆனால், பணம் யார் கையில் இருக்கிறதோ அவருக்கே அது சொந்தம் என்ற முடிவு அதிலிருந்து வராது. சட்டமும் அப்படிச் சொல்லவில்லை.

1872-ஆம் ஆண்டு இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 56-வது பிரிவு, ஒப்பந்தம் செய்த பிறகு அதை நிறைவேற்றுவது இயலாமலோ சட்டவிரோதமாகவோ ஆகிவிட்டால் அந்த ஒப்பந்தம் செல்லாததாகிறது என்கிறது. 65-வது பிரிவு அதன் தொடர்ச்சி: செல்லாமல் போன ஒப்பந்தத்தின் கீழ் ஒருவர் பெற்ற பலனைத் திருப்பித் தர வேண்டும், அல்லது அதற்கு ஈடு செய்ய வேண்டும். இங்கே குற்றம் யாருடையது என்ற கேள்வியே எழுவதில்லை. ஊரடங்கில் ரத்தான ரயில்களுக்கு ரயில்வே முழுக் கட்டணத்தையும் திருப்பித் தந்தது. கவுன்ட்டரில் எடுத்த டிக்கெட்டுகளுக்குப் பணம் பெறும் கெடுவையும் நீட்டித்தது. விமானப் பயணச்சீட்டுகள் பற்றிய வழக்கில் 2020 அக்டோபர் 1 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஊரடங்குக் காலத்திலேயே பதிவு செய்து, அதே காலத்துக்குள் பயணிக்க இருந்தவர்களுக்கு முழுப் பணமும் உண்டு. முன்னரே பதிவு செய்தவர்களுக்கு, பணம் தர முடியாத நெருக்கடியில் இருக்கும் நிறுவனம் அத்தொகையைப் பயணியின் பெயரில் கிரெடிட் ஷெல்லாக வைத்துக்கொள்ளலாம். 2021 மார்ச் 31-க்குள் அது பயன்படாவிட்டால் பணமாகத் திருப்பித் தர வேண்டும். ரயில்வேயும் விமான நிறுவனமும் திருப்பித் தரக் கடமைப்பட்டவை என்றால், வேன் உரிமையாளருக்கும் பயண ஏஜென்ட்டுக்கும் மட்டும் வேறு நியாயம் இருக்க முடியாது.

வேன் உரிமையாளரும் பாதிக்கப்பட்டவர்தானே என்று கேட்பார்கள். உண்மைதான். வண்டி மாதக்கணக்கில் ஓடாமல் நின்றது. தவணைக்கு ரிசர்வ் வங்கி அவகாசம் தந்தாலும் வட்டி ஏறிக்கொண்டே இருந்தது. அதனால்தான் நஷ்டஈடு கேட்பதும் கொடுத்ததைக் கேட்பதும் ஒன்றல்ல என்பதை இரு தரப்பும் உணர வேண்டும். பயணம் போக முடியாத மன உளைச்சலுக்கு அவரிடம் நஷ்டஈடு கேட்பது நியாயமில்லை. செய்யாத வேலைக்கு வாங்கிய பணத்தைக் கேட்பது முழு நியாயம். ஒரே தவணையில் தர இயலாதவரிடம், தேதி போட்டு எழுதி வாங்கிக்கொண்டு அவகாசம் தரலாம். உச்ச நீதிமன்றம் விமான நிறுவனங்களுக்குக் காட்டிய வழியும் ஏறக்குறைய இதுதான். இன்னொரு வாதம், ரசீதிலேயே “முன்பணம் திருப்பித் தரப்படாது” என்று அச்சிட்டிருக்கிறதே என்பது. வாடிக்கையாளர் தாமாக மனம் மாறி ரத்து செய்தால் அந்த வரிக்கு மதிப்புண்டு. பயணத்தையே அரசு தடுத்திருக்கும்போது அந்த வரியை மட்டும் காட்டிப் பணத்தை வைத்துக்கொள்ள முடியாது. அரசுத் தடை வந்தால் என்ன செய்வது என்று ஒப்பந்தத்தில் தனியாக எழுதியிருந்தால் மட்டுமே அந்த நிபந்தனையை முதலில் பார்ப்பார்கள். அதுவும் ஒருதலைப்பட்சமாக இருந்தால், நியாயமற்ற ஒப்பந்தம் என்று மாநில நுகர்வோர் ஆணையத்தில் முறையிட 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இடம் தருகிறது.

தொற்றுக்குப் பயந்து நாமே போகாமல் இருப்பதும், அரசாணையால் போக முடியாமல் ஆவதும் சட்டத்தின் கண்ணில் வெவ்வேறு. 2020 மே 1 அன்று மத்திய உள்துறை அமைச்சகம் வெளியிட்ட ஆணை, 65 வயதுக்கு மேற்பட்டவர்களும் 10 வயதுக்குட்பட்ட குழந்தைகளும் அத்தியாவசியத் தேவைக்கும் மருத்துவத்துக்கும் தவிர வீட்டிலேயே இருக்க வேண்டும் என்றது. தாத்தா பாட்டியும் பேரப்பிள்ளையும் சேர்ந்து போகும் பயணத்தை இதைவிட நேராக ஓர் ஆணை நிறுத்த முடியாது. ஆனால், மே 30 அன்று வந்த வழிகாட்டுதல்களில் இதே விதி அறிவுரையாகத் தளர்ந்தது. எந்தத் தேதியில் எந்த ஆணை அமலில் இருந்தது என்பதைப் பொறுத்தே உரிமையின் வலு மாறும். அடுத்த முறை இப்படி ஏதேனும் வந்தால், பயணத் தேதியன்று அமலில் உள்ள ஆணையின் நகலை ரசீதோடு சேர்த்து வைப்பது முக்கியம்.

பணம் மட்டுமே ஆபத்தில் இல்லை. வாடகை குறைவு என்று வெள்ளை போர்டு வண்டியை எடுக்கும் குடும்பங்கள் தங்கள் உயிரையும் பணயம் வைக்கின்றன. தனியார் வண்டிக்கான இன்சூரன்ஸ் பாலிசி, அதை வாடகைக்கு ஓட்டக் கூடாது என்ற நிபந்தனையோடுதான் வருகிறது. விபத்து நேர்ந்தால் அதைக் காட்டி நிறுவனம் கைவிரிக்கலாம். பெர்மிட் இல்லாமல் ஓட்டினால் மோட்டார் வாகனச் சட்டத்தின் 192-ஏ பிரிவின்படி முதல் தடவைக்கே 10,000 ரூபாய் அபராதம் உண்டு. வண்டியைப் பிடித்து வைத்தால் நடுவழியில் நிற்பது வயதானவர்கள்தான். சொந்த வேனைக் கேரவனாக மாற்ற நினைப்பவர்களும் கவனிக்க வேண்டும். தயாரிப்பாளர் தந்த அமைப்பை விருப்பப்படி மாற்றுவது அதே சட்டத்தின் 52-வது பிரிவுக்கு எதிரானது. ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம் விதிக்கலாம். வண்டிக்குள் கேஸ் சிலிண்டரின் ஆபத்தை 2023 ஆகஸ்ட் 26 அன்று மதுரை ரயில் நிலையம் காட்டியது. லக்னோவிலிருந்து யாத்திரிகர்கள் வந்த தனிச் சுற்றுலா ரயில் பெட்டியில், விதியை மீறி ஏற்றி வந்த சிலிண்டரால் தீப்பிடித்து 9 பேர் இறந்தனர்.

பாதி வழியில் ஊரடங்கு வந்துவிட்டால்? காசிக்குப் போன தமிழக யாத்திரிகர்கள் 2020-இல் அங்கேயே மாட்டிக்கொண்டார்கள். சிகிச்சைக்காக வேலூருக்கு வந்த வடமாநிலத்தார் ஊர் திரும்ப வழியின்றி விடுதிகளில் தவித்தார்கள். ஏப்ரல் 29 அன்று வந்த மத்திய ஆணை யாத்திரிகர்களையும் சுற்றுலாப் பயணிகளையும் பெயர் சொல்லிச் சேர்த்த பிறகே வழி பிறந்தது. மே மாதத்தில் காட்பாடியிலிருந்து சிறப்பு ரயில்கள் புறப்பட்டன. இத்தகைய நேரத்தில் அனுமதி தரும் அதிகாரம் மாவட்ட நிர்வாகத்திடம்தான் இருக்கிறது. எனவே சிக்கிய ஊரின் ஆட்சியர் அலுவலகத்தை உடனே அணுக வேண்டும். ஆதார் நகல், ஒரு மாத மருந்து, மருந்துச் சீட்டு ஆகியவை கைப்பையிலேயே இருக்கட்டும். முதியோர் உதவி எண் 14567.

சிறு தொகைக்காகக் கோர்ட்டுக்கு அலைவதா என்று பலர் ஒதுங்கிவிடுகிறார்கள். அலைச்சலைக் குறைக்கத்தான் 2020 ஜூலையில் அந்த 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் சட்டம் நடைமுறைக்கு வந்தது. ஏஜென்ட் சென்னையில் இருந்தாலும் டெல்லியில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் மாவட்டத்திலேயே புகார் தரலாம். சத்துவாச்சாரிக்காரர் வேலூர் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தை விட்டு எங்கும் போக வேண்டியதில்லை. 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. வழக்கறிஞர் கட்டாயமில்லை. இணையம் வழியாகவும் தாக்கல் செய்யலாம். அதற்கு முன்பே 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பேசினால் பல பிரச்சினைகள் அங்கேயே தீர்ந்துவிடும். ஆனால் இரண்டு ஆண்டுக் கெடு உண்டு. 2020 மார்ச் 15 முதல் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தை உச்ச நீதிமன்றம் கணக்கிலிருந்து நீக்கியும், 2020 மார்ச் மாத இறுதியில் ரத்தான பயணங்களுக்கு அந்தக் கெடு 2024 பிப்ரவரியோடு முடிந்துவிட்டது. தக்க காரணம் காட்டித் தாமதத்தை மன்னிக்கக் கேட்பது மட்டுமே மிச்சம்.

இவ்வளவு உரிமையும் ஒரு ரசீதில்தான் நிற்கிறது. நம் ஊரில் பெரும்பாலும் கிடைப்பது, “அட்வான்ஸ்” என்று எழுதி, தொகையைப் போட்டு, கிறுக்கலாக ஒரு கையெழுத்து வைத்த துண்டுச் சீட்டு. வண்டி எண் இல்லை, தேதி இல்லை, யார் வாங்கியது என்ற பெயரும் இல்லை. அதை வைத்துக்கொண்டு எந்த ஆணையத்திலும் வாதாடுவது கடினம். எனவே முன்பணத்தை ரொக்கமாகத் தராமல் யு.பி.ஐ. அல்லது வங்கி வழியாகவே அனுப்புங்கள். மஞ்சள் போர்டு வண்டியா, பெர்மிட்டும் இன்சூரன்ஸும் நடப்பில் உள்ளனவா என்று பாருங்கள். பிறகு ரசீதில் இரண்டு வரி எழுதி வாங்குங்கள்: அரசுத் தடையால் பயணம் நின்றால் முன்பணம் 30 நாளில் திருப்பித் தரப்படும், பாதியில் நின்றால் ஓடிய கிலோமீட்டருக்கு மட்டுமே வாடகை. இந்த இரண்டு வரியை எழுதித் தர மறுப்பவரிடம் ஓய்வுக்காலச் சேமிப்பைக் கொடுக்காதீர்கள்.