கிளவுஸ் பிறக்கும் இடத்துக்குள் ஓர் எட்டு!

கைகள்! எங்கே பார்த்தாலும் கைகள்! விரல் விரித்த உலோகக் கைகள் வரிசையாகத் தலைகீழாய்த் தொங்கிக்கொண்டு ரப்பர் தொட்டியை நோக்கி நகர்கின்றன. இலங்கையின் பியகம, கட்டுநாயக்க ஏற்றுமதி வலயங்கள் இத்தகைய கிளவுஸ் ஆலைகளுக்குப் பேர்போனவை. மாடித் தோட்டத்துக்கு எந்த கிளவுஸ் வாங்கலாம் என்று கேட்பவர்களையெல்லாம் இப்படியொரு ஆலைக்குக் கூட்டிப்போய் நிறுத்த எனக்குக் கொள்ளை ஆசை!

முதலில் பின்னல். அந்த மெஷின் இருக்கிறதே, அடடா! சுண்டுவிரலில் ஆரம்பித்து, விரல் விரலாகப் பின்னி, உள்ளங்கை, கட்டைவிரல், மணிக்கட்டு என ஒரே ஓட்டத்தில் முடித்துக் கீழே போட்டுவிடும். தையலே கிடையாது! ஜப்பானின் வாகயாமாவில் மசாஹிரோ ஷிமா என்பவர் 1964இல் இதை முழுத் தானியங்கியாக்கினார். பிற்பாடு அதே வித்தையில் தையலில்லாத ஸ்வெட்டரும் வந்தது. விரலும் குழாய்தான், சட்டைக் கையும் குழாய்தானே! ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்பதே கேஜ். 15 கேஜ் மெல்லிசு, நாற்று நடவும் களை பிடுங்கவும் சுகம். 10 கேஜ் தடிப்பு, மண்வெட்டிக்கு.

இனி வருவதுதான் எனக்கு உயிர்! பின்னலை உலோகக் கையில் மாட்டி, முதலில் கால்சியம் நைட்ரேட் கரைசலில் முக்குகிறார்கள். அப்புறம் ரப்பர் பால். எலுமிச்சைச் சாறு பட்ட பால் போல, கால்சியம் பட்டதும் அது அங்கேயே உறைகிறது. உள்ளே கசிய நேரமே இல்லை! வெளியே ரப்பர், உள்ளே வெறும் நூல். உள்ளங்கையை மட்டும் முக்கியிருந்தால் புறங்கை காற்றாடும். நம் வெயிலுக்கு இதைத்தான் தேடி வாங்க வேண்டும். ஈர மண்ணில் பிடிமானத்துக்குச் சுருக்கம் சுருக்கமான ரப்பர் பூச்சு அருமை. லேடெக்ஸ் எனும் இந்த ரப்பர் பால் ஒத்துக்கொள்ளாதவர்களுக்குச் செயற்கை ரப்பரான நைட்ரைல். வேப்பெண்ணெய் தெளிக்கவோ, முழுக்க முக்கிய நைட்ரைல்தான். எண்ணெய் பட்டால் இயற்கை ரப்பர் உப்பிப் பலமிழக்கும்.

அடுத்தது சோதனைக்கூடம். கிளவுஸின் புறங்கையில் சின்னதாய் ஒரு சுத்தியல் படம், பக்கத்தில் ஈஎன் 388 என்ற ஐரோப்பியத் தர எண் இருக்கும், பார்த்திருக்கிறீர்களா? அதன் கீழுள்ள முதல் நாலு எண்களும் இங்கே வாங்கிய மார்க்! தேய்மானம், வெட்டு, கிழிசல், குத்து. தேய்மானத்தில் 4 வாங்க, உப்புத்தாளோடு 8,000 சுற்று உரசியும் ஓட்டை விழக்கூடாது. குத்துக்கு 4.5 மில்லிமீட்டர் தடிமனுள்ள, ஆணி போன்ற கம்பி. கவனியுங்கள், ஆணி! நம் எலுமிச்சை முள்ளோ ஊசி. ஆணியிடம் 4 வாங்கிய கிளவுஸிலும் அது பின்னல் கண் வழியே நுழைந்துவிடும். கடையில் யாரும் சொல்லாத சங்கதி இது! ரோஜா, எலுமிச்சை, போகன்வில்லா கவாத்துக்கு முழங்கை வரை நீளும் தோல் கிளவுஸே கதி. ஆட்டுத்தோலானால் மெத்தென்று விரலுக்கு வளையும். ராணிப்பேட்டை, ஆம்பூர்ப் பக்கம் பதனிடுகிறார்களே, அந்த ஆட்டுத்தோல்தான்!

வாங்குமுன் கட்டைவிரலை விட்டுவிட்டு உள்ளங்கையைச் சுற்றி டேப் பிடியுங்கள். 18 செ.மீ. என்றால் 7ஆம் எண், 20 என்றால் 8. மாட்டியதும் மேஜை மேலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்துப் பாருங்கள். வந்துவிட்டதா? தண்டு நசுங்காமல் தக்காளி நாற்றையும் எடுத்துவிடுவீர்கள்!