ஹெத்தல் ஓடுபாதையும் ஓய்வெடுக்காத பந்தயக் கார்களும்

புதிய காரொன்று சந்தைக்கு வரும்போது அதன் வேகம், விலை, தோற்றம் என்பன பற்றிய செய்திகள் மட்டுமே எம்மை வந்தடைகின்றன. அக் கார் பொது வீதிக்கு வருமுன் எங்கே ஓட்டப்பட்டது, எத்தனை தடவைகள் பழுதடைந்து திரும்பி வந்தது என்பதை நாம் கேட்பதில்லை. பந்தயக் கார்களுடன் தொடர்புடைய நிறுவனங்கள் சில இதற்கெனத் தமது சொந்த நிலத்திலேயே பரிசோதனை ஓடுபாதைகளை வைத்திருக்கின்றன. இத்தாலியின் பெராரி நிறுவனத்துக்கு 1972இல் திறக்கப்பட்ட பியோரானோ ஓடுபாதை இருக்கிறது. இங்கிலாந்தின் லோட்டஸ் நிறுவனத்துக்கு ஹெத்தல் இருக்கிறது. பியோரானோவின் புகழ் பெரிது. ஆயினும் ஹெத்தலின் கதை அதனிலும் ஆழமானது என்பது எமது கருத்து.

ஹெத்தல், கிழக்கு இங்கிலாந்தின் நோர்போக் பிராந்தியத்தில் நோரிச் நகருக்குத் தென்மேற்கே உள்ள ஒரு சிறு கிராமம். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அங்கு விமானத் தளமொன்று அமைக்கப்பட்டது. 1943 முதல் 1945 வரை அமெரிக்க விமானப் படையின் 389ஆவது குண்டுவீச்சுக் குழு, பி-24 லிபரேட்டர் விமானங்களுடன் அங்கு நிலைகொண்டிருந்தது. 1943 ஓகஸ்ட் முதலாம் திகதி ருமேனியாவின் புளோயெஸ்டி எண்ணெய்ச் சுத்திகரிப்பு நிலையங்கள் மீது மிகத் தாழப் பறந்து நடத்தப்பட்ட தாக்குதலிலும் இக் குழு பங்குகொண்டது. அத் தாக்குதலுக்காக அவர்கள் லிபியாவின் பெங்காசிப் பகுதிக்கு அனுப்பப்பட்டு, அங்கிருந்தே புறப்பட்டார்கள். புறப்பட்ட பலர் திரும்பவில்லை.

போர் முடிந்ததும் விமானங்கள் போயின. கொன்கிரீற் பாதைகள் எஞ்சின. போருக்குப் பிந்திய பிரித்தானியாவில் மோட்டார்ப் பந்தயம் வளர்ந்தது பெரும்பாலும் இத்தகைய கைவிடப்பட்ட ஓடுபாதைகளில்தான். 1950இல் முதலாவது உலக சம்பியன் போட்டித் தொடரின் முதற் பந்தயம் நடைபெற்ற சில்வர்ஸ்டனும் ஒரு பழைய குண்டுவீச்சு விமானத் தளமே. எமது நாட்டில் களுத்துறைக்கு அண்மையிலுள்ள கட்டுக்குருந்தை ஓடுபாதையும் போர்க் காலத்தில் பிரித்தானியக் கடற்படை விமானங்களுக்காக அமைக்கப்பட்டுப் பின்னர் கார்ப் பந்தயங்களைக் கண்டது என்பதை வாசகர்கள் அறிவர்.

லோட்டஸ் நிறுவனம் 1966இல் ஹெத்தலுக்கு இடம்பெயர்ந்தது. அதன் ஸ்தாபகர் கொலின் சப்மன், 1948இல் வட லண்டனில் தமது காதலியின் பெற்றோர் வீட்டுக்குப் பின்புறமிருந்த கொட்டகையொன்றில், பழைய ஒஸ்டின் செவன் காரொன்றைப் பிரித்து முதலாவது காரை உருவாக்கியவர். அந்த இளைஞரிடம் பணம் இருக்கவில்லை. பெரிய இயந்திரம் வாங்க வழியும் இருக்கவில்லை. ஆகவே எடையைக் குறைப்பதில் கவனத்தைச் செலுத்தினார். வலுவான இயந்திரத்தைப் பொருத்தினால் கார் நேர்ப்பாதையில் மட்டுமே விரைவாகச் செல்லும். எடையைக் குறைத்தாலோ நேர்ப்பாதையில் மட்டுமன்றி, வளைவில் திரும்பும்போதும், பிரேக் போடும்போதும், மீண்டும் வேகமெடுக்கும்போதும் அது பயன் தரும். ரயர்களும் குறைவாகவே தேயும். இந்தக் கணக்கு எளிமையானது. ஆனால் அதனைச் சப்மன் கொண்டு சென்ற எல்லைக்கு வேறு எவரும் கொண்டு செல்லத் துணியவில்லை.

1962இல் வந்த லோட்டஸ் 25, இதற்கு நல்ல உதாரணம். அதுவரை பந்தயக் கார்கள் இரும்புக் குழாய்களை இணைத்த சட்டகத்தின் மேல் மெல்லிய தகடு போர்த்தியே செய்யப்பட்டன. சப்மன் குழாய்களை அகற்றிவிட்டார். நண்டுக்கு ஓடே எலும்பாக இருப்பதுபோல, அலுமினியத் தகட்டாலான உடலே பாரத்தைத் தாங்கும்படி அமைத்தார். கார் இலேசானது, அதேவேளை முறுக்கு விசையை எதிர்க்கும் விறைப்பும் அதிகரித்தது. அக் காரில் ஸ்கொட்லாந்தின் ஜிம் கிளார்க் 1963இல் உலக சம்பியனானார். 1967 ஜூனில் நெதர்லாந்தின் சன்ட்வோர்ட்டில் அறிமுகமான லோட்டஸ் 49 இன்னொரு படி மேலே சென்றது. போர்ட் நிறுவனத்தின் நிதியில் கீத் டக்வேர்த் வடிவமைத்த டீ.எப்.வீ. இயந்திரமே அக் காரின் பின்பாதி உடலாகவும் அமைந்தது. பின் சில்லுகளின் பாரம் முழுவதையும் இயந்திரமே தாங்கியது. அறிமுகமான அதே பந்தயத்தில் கிளார்க் வெற்றி பெற்றார்.

ஆனால் இந்தப் பெருமையின் மறுபக்கத்தைக் கூறாமல் விடுவது நேர்மையாகாது. இலேசான பாகத்துக்கும் பலவீனமான பாகத்துக்கும் இடையிலான இடைவெளி மிகச் சிறியது. கிளார்க் 1968 ஏப்ரல் 7ஆம் திகதி ஜேர்மனியின் ஹொக்கன்ஹைமில் லோட்டஸ் காரொன்றிலேயே உயிரிழந்தார். ரயர் ஒன்று காற்றிழந்ததே காரணம் என்று பொதுவாக நம்பப்படுகிறது. 1969இல் பார்சிலோனாவில் கிரஹாம் ஹில், யொஹன் ரின்ட் ஆகிய இருவரின் கார்களிலும் உயரமான பின் இறக்கைகள் ஒரே பந்தயத்தில் முறிந்தன. இருவரும் உயிர் தப்பினர். அதன் பின்னர் ரின்ட், பலவீனமான பாகங்களைச் சற்று உறுதியாக்குமாறும் அதனால் கூடும் எடை அற்பமே என்றும் சப்மனுக்குக் கடிதம் எழுதினார். அடுத்த ஆண்டு செப்டெம்பர் 5ஆம் திகதி இத்தாலியின் மொன்சாவில் நடைபெற்ற பயிற்சி ஓட்டத்தில், லோட்டஸ் 72 காரின் முன் பிரேக்குடன் இணைந்த தண்டு முறிந்ததில் ரின்ட் கொல்லப்பட்டார். ஒழுங்காக அமைக்கப்படாத பாதுகாப்பு வேலியும் அவரது மரணத்துக்குக் காரணமாயிற்று. அவ்வாண்டின் உலக சம்பியன் பட்டம், மரணத்தின் பின்னர் அவருக்கே கிடைத்தது. அப் பட்டத்தை அவ்வாறு பெற்றவர் இன்றுவரை அவர் ஒருவரே.

சப்மனை மேதை என்று மட்டும் எழுதுவோர் இக் கடிதத்தைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறார்கள்.

பரிசோதனை ஓடுபாதையின் தேவை இங்கேதான் தெளிவாகிறது. முறியக்கூடிய பாகம் பந்தயத்தில் முறிவதிலும் தொழிற்சாலை வாசலில் முறிவது மேல். ஒரே வளைவை ஒரே வேகத்தில் நூறு தடவை கடக்கும்போது, மாற்றப்பட்ட ஒரு சுருள்வில் என்ன செய்தது என்பது ஓட்டுநருக்கும் பொறியியலாளருக்கும் ஐயமின்றிப் புலப்படும். வேறு இடத்தில் காற்றும் தரையும் நாளுக்கு நாள் மாறிக் குழப்பிவிடும். லோட்டஸ் பொறியியலாளர்கள் இந்த அறிவைத் தமது கார்களுக்கு மட்டும் பயன்படுத்தவில்லை. ஏனைய நிறுவனங்களின் கார்களின் ஓட்டத் தன்மையைச் சீர்செய்து கொடுப்பதும் அவர்களது தொழிலின் முக்கிய பகுதியாக விளங்கியது. காரின் அடிப்பகுதியைத் தலைகீழான இறக்கைபோல அமைத்து, அதன் கீழ் விரைந்தோடும் காற்றின் அழுத்தம் குறைவதால் கார் தரையுடன் ஒட்டிக்கொள்ளச் செய்த லோட்டஸ் 78, 79 ஆகிய கார்கள், ஹெத்தலுக்கு அண்மையிலுள்ள கெற்றரிங்ஹாம் மாளிகையில் இயங்கிய குழுவினரின் ஆக்கம். போர்க் காலத்தில் அதுவும் அமெரிக்க விமானப் படையின் தலைமையகங்களுள் ஒன்றாக இருந்தது. 1978இல் மாரியோ அன்ட்ரெட்டி அக் கார்களிலேயே சம்பியனானார். கணினியின் கட்டளைப்படி எண்ணெய் அழுத்தத்தால் உயர்ந்து தாழும் சில்லுத் தாங்கிகளும் லோட்டஸ் பொறியியலாளர்களின் முயற்சியே. 1987இல் ஆயர்ட்டன் சென்னா அத்தகைய காரில் மொனாக்கோவிலும் டெட்ரோயிட்டிலும் வென்றார். ஆனால் அதைப் பார்க்கச் சப்மன் இருக்கவில்லை. 1982 டிசெம்பரில், 54ஆவது வயதில், மாரடைப்பினால் அவர் காலமாகியிருந்தார்.

அதன் பின்னரான வரலாற்றைச் சுருக்கமாகவே கூறலாம். கார் நிறுவனம் 1986இல் அமெரிக்காவின் ஜெனரல் மோட்டர்ஸிடமும், 1993இல் இத்தாலியரான ரொமானோ ஆர்ட்டியோலியிடமும், 1996இல் மலேசியாவின் புரோட்டோனிடமும், 2017இல் சீனாவின் ஜீலியிடமும் கைமாறியது. 79 கிரான்ட் பிரீ வெற்றிகளைக் குவித்த பந்தயக் குழு 1994 பருவகாலத்துடன் மறைந்தது.

மலேசிய உரிமையின் காலத்திலேயே, 2011இல், ஹெத்தல் ஓடுபாதை பெருமளவில் புதுப்பிக்கப்பட்டது. ஏறத்தாழ மூன்றரை கிலோமீற்றர் நீளமான பாதைக்குப் புதிய தளம் இடப்பட்டது. போர்க் காலக் கொன்கிரீற்றின் வெடிப்புகளும் மேடுபள்ளங்களும் மறைந்தன. புதிய தளத்தினால் வேகத்தை நுட்பமாக அளவிடவும் பாதுகாப்பாக ஓட்டவும் முடிகிறது. ஆயினும் மேடுபள்ளங்களுக்கும் ஒரு பயன் இருந்தது என்பதை மறுப்பதற்கில்லை. வாடிக்கையாளர் ஓட்டப்போவது கண்ணாடி போன்ற தரையில் அல்ல. நோர்போக்கின் குறுகிய கிராம வீதிகள் இருக்கும்வரை லோட்டஸ் பொறியியலாளர்களுக்கு அந்தக் குறை பெரிதன்று எனலாம்.

இதில் ஒரு முரண் உண்டு. ஓடுபாதையைப் புதுப்பித்த அதே நிர்வாகம், 2010 பாரிஸ் கண்காட்சியில் ஐந்து புதிய கார் மாதிரிகளை ஒரே மேடையில் அறிமுகப்படுத்தியிருந்தது. 2012இல் தலைமை மாறியது. அந்த ஐந்தில் ஒன்றேனும் அறிவிக்கப்பட்டவாறு வீதிக்கு வரவில்லை. கார்கள் இல்லாமற் போயின. அவற்றை ஓட்டிப் பார்ப்பதற்கான பாதை மட்டும் மிஞ்சியது.

எனினும் அப் பாதை வெறுமையாகக் கிடக்கவில்லை. சப்மனின் மகன் கிளைவ் சப்மன் நடத்தும் 'கிளசிக் ரீம் லோட்டஸ்' என்ற குடும்ப நிறுவனம் ஹெத்தலிலேயே இயங்குகிறது. பழைய லோட்டஸ் பந்தயக் கார்களைப் பழுதுபார்த்து, மீண்டும் பந்தயங்களில் ஓடவைப்பதே அவர்களது பணி. அருங்காட்சியகக் கண்ணாடிக்குள் வைத்தால் போதாதா எனச் சிலர் கேட்கக்கூடும். போதாது என்பதே எமது எண்ணம். ஓடாத காரில் இறப்பர் வளையங்கள் காய்ந்து வெடிக்கும். மக்னீசியப் பாகங்கள் ஈரத்தில் அரிக்கப்படும். எரிபொருள் பைகள் இற்றுப்போகும். இவை கண்ணாடிக்கு வெளியே நின்று பார்ப்பவருக்குத் தெரிவதில்லை. ஓட்டுவதாயின் இவை எல்லாவற்றையும் மாற்றியே ஆகவேண்டும். சில்லுகளைத் தாங்கும் பாகங்களைக் கழற்றி, நிறச்சாயம் தடவிக் கண்ணுக்குத் தெரியாத வெடிப்புகளைத் தேடவேண்டும். ஒரு காலத்தில் பந்தயத்தில் முறிந்தவை இத்தகைய பாகங்களே. அவற்றை எங்கே, எப்படிப் பார்க்கவேண்டும் என்ற அறிவு புத்தகங்களில் இருப்பதைவிட மூத்த பொறியியல் வினைஞர்களின் விரல் நுனியிலேயே அதிகம் இருக்கிறது. கார் ஓடினால்தான் அவ்வறிவு அடுத்தவர் கைக்குப் போகும்.

இன்று ஹெத்தலின் எதிர்காலம் பற்றிய கேள்வி இவ்விடத்திலேயே எழுகிறது. 1996இல் வெளிவந்த எலீஸ் கார் சுமார் 725 கிலோகிராம் எடை கொண்டது. அலுமினியத் துண்டுகளை உருக்கி ஒட்டாமல் பசையினால் ஒட்டிய அதன் அடிச்சட்டகம், சப்மனின் கொள்கைக்கு அவர் மறைந்த பின் எழுந்த சிறந்த சான்று. 2021இல் அதன் உற்பத்தி நிறுத்தப்பட்டது. அடுத்த ஆண்டு லோட்டஸ் அறிமுகப்படுத்திய எலெற்றே மின்சாரக் காரின் எடை ஏறத்தாழ இரண்டரைத் தொன். மூன்று எலீஸ்களை ஒரு தட்டில் வைத்தாலும் தராசு எலெற்றேயின் பக்கமே தாழும். அது தயாராவது சீனாவின் வூஹான் நகரில். மின்கலங்களின் பாரத்தைத் தவிர்க்க இயலாது என்பதை நாம் ஏற்றுக்கொள்கிறோம். ஆனால் அத்தகைய காரைச் செய்வதற்கு ஹெத்தலின் தனித்திறமை எவ்வளவு தேவைப்படும் என்பது வேறு கேள்வி. 2025 ஓகஸ்டில் பிரித்தானியாவில் 550 வரையான பணியிடங்களைக் குறைக்கப்போவதாக லோட்டஸ் அறிவித்தது. அதற்குச் சில வாரங்கள் முன்னர் ஹெத்தல் தொழிற்சாலை மூடப்படலாம் என்ற செய்திகள் வெளியாகி, நிறுவனத்தால் மறுக்கப்பட்டிருந்தன. விவசாயக் கிராமங்கள் சூழ்ந்த அப் பகுதியில், இதே தொழிற்சாலையில் தந்தைக்குப் பின் பிள்ளை வேலை செய்யும் குடும்பங்களுக்கு இவ்வறிவிப்பு எவ்வாறு இருந்திருக்கும் என்பதை விளக்கவேண்டியதில்லை.

கிளைவ் சப்மனின் பட்டறை கார் நிறுவனத்தின் உடைமையன்று. ஆகவே தொழிற்சாலையின் கதி எவ்வாறாயினும் 25உம் 49உம் 72உம் பராமரிக்கப்படும் என நம்ப இடமுண்டு. ஆனால் பழுதுபார்த்த காரை முதல் நாள் ஓட்டிப் பார்ப்பதற்கு வேலிக்கு அப்பால் உள்ள ஓடுபாதை வேண்டும். அது நிறுவனத்துக்குச் சொந்தமானது.