புயல் முகாமில் நாய்க்கும் இடம் வேண்டும்

2004 டிசம்பர் 26. ஆழிப்பேரலை காரைக்கால் மீனவக் கிராமங்களைச் சூறையாடிய அதே காலையில், புதுச்சேரிக்கு வடக்கே சின்னக்காலாப்பட்டிலும் கடல் ஊருக்குள் ஏறியது. சின்னப் பிள்ளைகள் இருவரைத் தூக்கிக்கொண்டு ஓடினார் ஒரு தாய். கூடவே ஓடிவர வேண்டிய ஏழு வயது மூத்தவன், பயத்தில் வீட்டுக்குள் புகுந்துகொண்டான். அவன் சட்டையைக் கவ்வி இழுத்து, முட்டித் தள்ளி, மேட்டில் கொண்டு சேர்த்தது அவர்கள் வீட்டு நாய் செல்வகுமார்.

இந்தப் பாசத்துக்கு உடலிலும் தடயம் உண்டு. நாயும் அதை வளர்ப்பவரும் நெடுநேரம் கண்ணோடு கண் பார்த்தால் இருவருக்கும் ஆக்ஸிடோசின் கூடுகிறது என்று ஜப்பானின் அசாபு பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2015இல் காட்டினார்கள். தாய்க்கும் சேய்க்கும் பிணைப்பை வளர்க்கும் ஹார்மோன் அது. மனிதர் கையில் வளர்ந்த ஓநாய்களிடம் இந்த விளைவு தென்படவில்லை. அமெரிக்காவில் வாஷிங்டன் மாநிலப் பல்கலைக்கழகம் 249 மாணவர்களை வைத்து நடத்திய ஆய்வு 2019இல் வெளியானது. பத்து நிமிடம் நாய், பூனைகளைக் கொஞ்சியவர்களின் உமிழ்நீரில், மன அழுத்தத்தோடு தொடர்புடைய கார்டிசால் குறைந்திருந்தது.

மனநல ஆலோசனைக்குள் நாயின் துணையைக் கொண்டுவந்தவர் அமெரிக்க உளவியலாளர் போரிஸ் லெவின்சன். யாரிடமும் ஒட்டாத ஒரு சிறுவன், அவருடைய நாய் ஜிங்கிள்ஸிடம் மட்டும் ஒட்டிக்கொண்டான். 1960களின் தொடக்கத்தில் லெவின்சன் இதைச் சொன்னபோது, கட்டணத்தில் நாய்க்கு எவ்வளவு பங்கு என்று சகாக்கள் கேலி செய்தார்களாம். இன்று அது பல நாடுகளில் முறையான சிகிச்சைத் துணைமுறை.

ஆனாலும் நாய் மருந்தல்ல, ஆலோசகருக்குக் கைத்துணை. அது சாதுவாக இருக்க வேண்டும், வெறிநாய்க்கடித் தடுப்பூசி போட்டிருக்க வேண்டும், களைத்தால் ஓய்வு தர வேண்டும். நாயைக் கண்டு நடுங்கும் குழந்தைக்கு இந்த வழி உதவாது.

நாயோடு இப்படிப் பிணைந்தவர்கள் ஆபத்திலும் அதை எளிதில் விட்டுவர மாட்டார்கள். காரைக்கால் கரைக்கு இதில் ஒரு பாடம் இருக்கிறது. 2005இல் அமெரிக்காவில் கத்ரீனா புயலின்போது, வளர்ப்பு விலங்குகளை விட்டுவர மறுத்துப் பலர் வீடுகளிலேயே தங்கினார்கள். மறு ஆண்டே, பேரிடர்த் திட்டங்களில் அவற்றுக்கும் இடம் வேண்டும் என்று அமெரிக்கா சட்டம் இயற்றியது. 2018இல் கஜா புயல் டெல்டாவில் ஆடு மாடுகளை வாரிக்கொண்டு போனதை நாமும் பார்த்தோம். முகாமுக்குப் பக்கத்திலேயே விலங்குகளுக்கு ஒரு கொட்டகை, தண்ணீர், தீவனம், ஒரு கால்நடை மருத்துவர் இருந்தால் ஜனங்கள் தயங்காமல் வருவார்கள். புயல் ஓய்ந்தபின் வாயடைத்துப்போன பிள்ளை முதலில் பேசப்போவது, ஒருவேளை, அந்தக் கொட்டகையில் கட்டியிருக்கும் தன் நாயிடமாக இருக்கலாம்.