பனிச்சறுக்குக் காயமும் அயல்நாட்டில் மருத்துவ உதவி நாடலும்

பனிச்சறுக்குக் காயம் என்பது பனிச் சரிவுகளில் சறுக்கி விளையாடும்போது விழுவதாலோ மோதுவதாலோ ஏற்படும் உடற்காயம் ஆகும். பிரான்சு, சுவிட்சர்லாந்து, ஆஸ்திரியா, இத்தாலி ஆகிய ஆல்ப்ஸ் மலை நாடுகளுக்குக் குளிர்காலத்தில் வெளிநாட்டுப் பயணிகள் பெருந்தொகையாக வருகின்றனர். எனவே இத்தகைய காயம் அடைவோரில் பலர் சொந்த ஊரிலிருந்து தொலைவில், மொழி தெரியாத இடத்தில் இருப்பவர்கள். உடனே மருத்துவரிடம் செல்வதா, விடுதி அறையில் ஓய்வெடுத்துப் பார்ப்பதா, ஊர் திரும்பியபின் காட்டிக்கொள்வதா என்ற மூன்று வழிகளில் ஒன்றை அவர்கள் தேர்ந்தெடுக்க வேண்டியுள்ளது.

இந்த முடிவைப் பெரும்பாலோர் வலியின் அளவை வைத்தே எடுக்கின்றனர். ஆனால் வலி நம்பத்தக்க அளவுகோல் அன்று. அடிபட்ட இடம், குறிப்பிட்ட சில அறிகுறிகள், கடந்துசெல்லும் நேரம் ஆகிய மூன்றுமே சரியான வழிகாட்டிகள்.

2009ஆம் ஆண்டு நிகழ்வு

பிரித்தானிய நடிகை நடாஷா ரிச்சர்ட்சன் 2009 மார்ச் 16 அன்று கனடாவின் கியூபெக் மாநிலத்திலுள்ள மோன் திராம்பிளான் சறுக்குத் தலத்தில் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்தார். தொடக்கநிலையினருக்கான எளிய சரிவில் அவர் விழுந்தார். அப்போது அவர் தலைக்கவசம் அணிந்திருக்கவில்லை. விழுந்தபின் எழுந்து நடந்தார், இயல்பாகப் பேசினார், மருத்துவ உதவி வேண்டாம் என்றார். அழைக்கப்பட்ட ஆம்புலன்ஸ் திரும்பிச் சென்றது. பின்னர் விடுதியில் தலைவலி தொடங்கி அவரது நிலை விரைவாக மோசமடைந்தது. மருத்துவமனைகளுக்கு மாற்றப்பட்ட அவர் மார்ச் 18 அன்று நியூயார்க்கில் காலமானார். அவருக்கு வயது 45.

மண்டையோட்டுக்கும் மூளையின் வெளியுறைக்கும் இடையே குருதி தேங்கியதே காரணம் என உடற்கூறாய்வு கூறியது. பக்கவாட்டில் அடிபடும்போது, நெற்றிப்பொட்டின் உட்புறமாகச் செல்லும் தமனி கிழிந்து இவ்வகைக் கசிவு ஏற்படுவதுண்டு. குருதி சிறிது சிறிதாகச் சேரும்வரை மூளை தாக்குப்பிடிக்கிறது. அந்த நேரத்தில் அடிபட்டவர் முழுத் தெளிவுடன் இருப்பார். மருத்துவர்கள் இதைத் தெளிவு இடைவேளை என்பர். அது சில நிமிடங்களும் இருக்கலாம், பல மணி நேரமும் இருக்கலாம். குருதிக் கசிவைக் காலத்தில் கண்டறிந்து அகற்றினால் பலர் பிழைக்கின்றனர். எனவே "நன்றாகத்தான் இருக்கிறேன்" என்ற சொல்லைத் தலைக்காயத்தில் சான்றாகக் கொள்ள முடியாது.

தலைக்கவசம் அணிந்திருந்தாலும் இந்த எச்சரிக்கை பொருந்தும். கார்ப் பந்தய வீரர் மைக்கேல் சூமாக்கர் 2013 டிசம்பர் 29 அன்று பிரான்சின் மெரிபெல் தலத்தில் விழுந்து பாறையில் மோதியபோது தலைக்கவசம் அணிந்திருந்தார். இருந்தும் மூளையில் கடும் காயம் அடைந்தார்.

வலி ஏன் ஏமாற்றுகிறது

சறுக்குத் தலங்களில் வலியை மறைக்கும் காரணங்கள் பல ஒன்றுசேர்கின்றன. குளிர் உணர்வை மரக்கச் செய்கிறது. விழுந்த அதிர்ச்சியில் சுரக்கும் அட்ரினலின் வலியைச் சிறிது நேரம் தடுக்கிறது. கணுக்காலுக்கு மேல்வரை இறுக்கிப் பிடிக்கும் கடினமான சறுக்குக் காலணி ஒரு சிம்பு போலச் செயல்பட்டு, உடைந்த எலும்பையும் அசையாமல் வைத்திருக்கக்கூடும். மாலையில் அருந்தும் மது வலியையும் அறிகுறிகளையும் ஒருசேர மங்கச் செய்கிறது.

தவறான விளக்கமும் ஓர் ஆபத்து. ஆல்ப்ஸ் தலங்களில் சில சரிவுகள் 3,000 மீட்டருக்கும் மேல் உள்ளன. பொதுவாக 2,500 மீட்டருக்கு மேல் செல்வோருக்கு உயர்மலை நோயால் தலைவலியும் குமட்டலும் வருவதுண்டு. விழுந்தபின் வரும் தலைவலியை உயரத்தினால் வந்தது, களைப்பினால் வந்தது, மதுவினால் வந்தது என்று எடுத்துக்கொள்வது எளிது. தலையில் அடிபட்ட நாளில் வரும் தலைவலிக்கு முதற்காரணமாக அடியையே கருத வேண்டும்.

இதற்கு மாறாக, கடுமையாக வலிக்கும் விலா அடி அல்லது தசைச் சுளுக்கு பல வேளைகளில் ஓய்வினாலேயே ஆறிவிடுகிறது. மிகுந்த வலி சிறு காயத்திலும் வரலாம், குறைந்த வலி பெருங்காயத்திலும் இருக்கலாம்.

காத்திருக்கக் கூடாதவை

கீழ்க்காணும் நிலைகளில் காயமடைந்தவர் தாமாகச் சரிவிலிருந்து இறங்க முயலாமல், சறுக்குத் தல மீட்புக் குழுவை அழைக்க வேண்டும். விடுதிக்குத் திரும்பியபின் தோன்றினால் அவசர எண்ணை அழைக்க வேண்டும்.

• சிறிது நேரமேனும் நினைவிழத்தல், விழுந்தது நினைவில் இல்லாமை, கூடிக்கொண்டே போகும் தலைவலி, மீண்டும் மீண்டும் வாந்தி, குழப்பம், வலிப்பு, அளவு மீறிய தூக்கம், பேச்சுக் குழறல், காதிலோ மூக்கிலோ தெளிந்த நீர் அல்லது குருதி வடிதல்.

• கழுத்து அல்லது முதுகெலும்பின் நடுவில் வலி, கை கால்களில் மரத்தல், வலுவிழத்தல்.

• மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது நெஞ்சில் குத்தும் வலி.

• வயிற்றின் இடப்பக்கம் அடிபட்டபின் மயக்கம், வெளிறல், அல்லது இடத் தோளில் காரணமின்றி வலி. மண்ணீரல் கிழிந்து உள்ளே குருதி கசிவதன் அறிகுறியாக இது இருக்கலாம்.

• கை அல்லது கால் வளைந்து உருமாறுதல், எலும்பு வெளியே தெரிதல், பாதம் குளிர்ந்து வெளிறுதல், விரல்களில் உணர்வின்மை.

• கெண்டைக்காலில் காயத்தின் அளவுக்குப் பொருந்தாத கடும் வலி, கால்விரலைப் பிறர் மெல்ல நீட்டினாலும் அது கூடுதல். வீக்கத்தின் அழுத்தத்தால் தசைக்குக் குருதி செல்லாமல் போவதைக் குறிக்கும் இந்நிலையில், சில மணி நேரத் தாமதமே தசையை நிலையாகப் பாழாக்கிவிடும்.

இரத்த உறைவைத் தடுக்கும் மருந்து உட்கொள்வோரும் 65 வயதைக் கடந்தோரும் தலையில் அடிபட்டால், அறிகுறி இல்லாவிட்டாலும் மருத்துவரிடம் காட்டுவது நல்லது. தலையில் அடிபட்ட எவரும் முதல் 24 மணி நேரம் அறையில் தனியே இருக்கலாகாது. உடனிருப்பவருக்கு மேற்சொன்ன அறிகுறிகள் தெரிந்திருக்க வேண்டும்.

அன்றே காட்ட வேண்டியவை

பனிச்சறுக்குக் காயங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒன்று முழங்காலில் ஏற்படுகிறது. முழங்கால் எலும்பு முறிந்திருக்குமா என்பதை அறிய, கனடாவின் ஒட்டாவா நகர மருத்துவர்கள் வகுத்த விதி உலகெங்கும் பயன்படுகிறது. வயது 55 அல்லது அதற்கு மேல், முழங்கால் சில்லில் மட்டும் தொட்டால் வலி, முழங்காலின் வெளிப்பக்கக் கீழுள்ள சிற்றெலும்பின் தலைப்பகுதியில் வலி, 90 பாகை மடக்க இயலாமை, நான்கு அடி எடுத்துவைக்க இயலாமை ஆகிய ஐந்தில் ஒன்று இருந்தாலும் எக்ஸ்ரே எடுக்க வேண்டும் என்பது அவ்விதி. நொண்டியபடியேனும் நான்கு அடி வைத்தால் நடந்ததாகவே கொள்ளப்படும். இவ்விதி எலும்பு முறிவுக்கு மட்டுமே உரியது. தசைநார் கிழிவு இல்லை என்று இதைக்கொண்டு கூற முடியாது.

தோள் மூட்டு விலகினால் அன்றே, இயன்றவரை விரைவாக, மருத்துவர் அதைப் பொருத்த வேண்டும். உடனிருப்பவர்கள் இழுத்துப் பார்ப்பது நரம்பையும் குருதிக் குழாயையும் சேதப்படுத்தக்கூடும். கையை ஊன்றி விழுந்தபின் பெருவிரலின் அடியிலுள்ள குழியில் வலி இருந்தால், மணிக்கட்டின் படகெலும்பு முறிந்திருக்கலாம். இம்முறிவு முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் போவதுண்டு. அதனால் அசையாமல் கட்டி, சுமார் இரண்டு வாரம் கழித்து மீண்டும் பார்ப்பது வழக்கம்.

பெரும்பாலான ஆல்ப்ஸ் தலங்களின் அடிவாரத்தில் எக்ஸ்ரே வசதியுள்ள மருத்துவ நிலையங்கள் உள்ளன. அங்குள்ள மருத்துவர்கள் நாள்தோறும் இத்தகைய காயங்களையே பார்ப்பவர்கள்.

ஊர் திரும்பும்வரை பொறுக்கக்கூடியவை

ஏசிஎல் எனப்படும் முன்குறுக்குத் தசைநார் கிழியும்போது முழங்காலில் "டொப்" என்ற ஓசையை உணர்ந்ததாகப் பலர் கூறுவர். சில மணி நேரத்திற்குள் முழங்கால் வீங்கும். சில நாட்களில் நடக்கவும் முடியும். எலும்பு முறிவு இல்லையென்று உறுதியானபின், முழங்கால் பட்டையும் ஊன்றுகோலும் கொண்டு ஊர் திரும்பி, எம்.ஆர்.ஐ. எடுத்து மேற்கொண்டு முடிவு செய்யலாம். வீக்கம் வடிந்து மூட்டின் அசைவு மீண்டபின் அறுவை சிகிச்சை செய்வதே பொதுவான நடைமுறை. உடற்பயிற்சிச் சிகிச்சையே போதுமானவர்களும் உண்டு. ஆகவே வெளியூரில் உடனடி அறுவை சிகிச்சை முன்மொழியப்பட்டால், அவசரம் எதனால் என்று கேட்பது நோயாளியின் உரிமை. மூட்டு நீட்ட முடியாமல் பூட்டிக்கொண்டாலோ வேறு காயங்கள் சேர்ந்திருந்தாலோ நிலைமை வேறாகும்.

கையில் சறுக்குக் கோலைப் பிடித்தபடி விழுவோருக்குப் பெருவிரலின் அடிமூட்டுத் தசைநார் கிழிவதுண்டு. சிறு சுளுக்குப் போல் தோன்றும் இக்காயத்தில், முழுதும் அறுந்த நார் மடங்கிக்கொண்டால் தானாக ஒட்டாது. பொருளைக் கிள்ளிப் பிடிக்கும் வலு குறைந்துவிடும். ஊர் திரும்பும்வரை சிம்பு கட்டிப் பொறுக்கலாம். ஆனால் மாதக்கணக்கில் தள்ளிப்போடாமல் ஓரிரு வாரங்களுக்குள் காட்ட வேண்டும்.

தயக்கத்தின் காரணங்கள்

மருத்துவ உதவி நாடாமல் இருப்பதற்குப் பலரும் கூறும் காரணங்களில் பெரும்பாலானவை மருத்துவம் சார்ந்தவை அல்ல. பயணம் கெட்டுவிடும், உடன் வந்தோருக்குத் தொல்லை, எளிய சரிவில் விழுந்ததைச் சொல்ல வெட்கம், மொழி தெரியாது, செலவு ஆகும் என்பனவே அவை.

இவற்றில் செலவு உண்மையான கவலை. பிரான்சில் 1985ஆம் ஆண்டின் மலைச் சட்டப்படி, சறுக்குத் தடங்களில் நடக்கும் மீட்புக்கு உள்ளாட்சி மன்றம் கட்டணம் பெறலாம். சுவிட்சர்லாந்தில் ஹெலிகாப்டர் மீட்புக்கும் கட்டணம் உண்டு. ஐரோப்பிய நாட்டவர் வைத்திருக்கும் ஐரோப்பிய உடல்நலக் காப்பீட்டு அட்டை அரசு மருத்துவச் சேவைக்கு உதவினாலும், ஊருக்குத் திருப்பி அனுப்பும் செலவை ஏற்பதில்லை.

இந்தியா, இலங்கை முதலிய நாடுகளிலிருந்து ஷெங்கன் விசாவில் செல்வோர் குறைந்தது 30,000 யூரோ மதிப்புள்ள மருத்துவக் காப்பீடு வைத்திருக்க வேண்டும் என்பது விதி. ஆனால் அத்தகைய காப்பீடு இருப்பதாலேயே பனிச்சறுக்குக் காயத்துக்கு ஈடு கிடைத்துவிடாது. பல காப்பீடுகளில் குளிர்கால விளையாட்டைத் தனியாகச் சேர்க்க வேண்டும். தடத்திற்கு வெளியே சறுக்குவதும் மது அருந்தியிருப்பதும் ஈட்டை மறுக்கக் காரணமாகலாம். புறப்படும் முன்பே இதைப் படித்தறிந்து, காப்பீட்டு எண்ணையும் உதவித் தொலைபேசி எண்ணையும் சட்டைப்பையில் வைத்திருப்பவருக்குச் சரிவில் தயங்கும் நிலை வராது. அவசரமற்ற சிகிச்சைக்கு முன் காப்பீட்டு நிறுவனத்தை அழைக்க வேண்டும். உயிருக்கு ஆபத்தான நிலையில் சிகிச்சையே முதலில்.

மொழித் தடைக்கும் வழி உண்டு. ஐரோப்பா முழுவதும் 112 என்பது பொது அவசர எண். சுவிட்சர்லாந்தில் ரேகா வான்வழி மீட்பு நிறுவனத்தை 1414 எண்ணிலும், ஆஸ்திரியாவில் மலை மீட்புப் பிரிவை 140 எண்ணிலும் அழைக்கலாம். சறுக்குத் தடத்தின் ஓரக் கம்பங்களில் எழுதியிருக்கும் பெயரையும் எண்ணையும் சொன்னால் இடத்தைக் கண்டுபிடித்துவிடுவர்.

விமானப் பயணம்

சீக்கிரம் ஊர் திரும்பிவிட்டால் போதும் என்ற எண்ணமும் ஆபத்தாகலாம். மாவுக்கட்டினுள் கால் வீங்கும் என்பதால், கட்டுப் போட்டபின் குறுகிய பயணத்துக்கு 24 மணி நேரமும், இரண்டு மணி நேரத்துக்கு மேற்பட்ட பயணத்துக்கு 48 மணி நேரமும் பல விமான நிறுவனங்கள் காத்திருக்கச் சொல்கின்றன. அதற்கு முன் பறப்பதானால் கட்டைப் பிளந்துவிட வேண்டும். அசையாத காலில் இரத்தம் உறையும் வாய்ப்பு நீண்ட பயணத்தில் கூடுவதால், தடுப்பு மருந்து தேவையா என்று மருத்துவரிடம் கேட்க வேண்டும். விலா முறிந்து நெஞ்சறையில் காற்று புகுந்திருந்தால், அது வானில் விரிவடையும். அந்நிலை சரியாகும்வரை பறக்கக் கூடாது. மூச்சில் குத்தும் வலியுள்ளவர் பறக்கும் முன் எக்ஸ்ரே எடுக்க வேண்டிய காரணம் இதுவே.

சிகிச்சை பெற்றவர் அதன் அறிக்கை, எக்ஸ்ரே படங்கள், கட்டண ரசீது, பறக்கத் தகுதிச் சான்று ஆகியவற்றைக் கையோடு வாங்கிக்கொள்ள வேண்டும். ஊரில் தொடர் சிகிச்சைக்கும் காப்பீட்டு ஈட்டுக்கும் இவை தேவைப்படும்.

உடனிருப்போரின் பங்கு

மூளையில் அடிபட்டவரின் முடிவெடுக்கும் திறனே பாதிக்கப்பட்டிருக்கலாம். ஆதலால் தலைக்காயத்தில் "வேண்டாம்" என்று அவர் கூறுவதை இறுதி முடிவாக ஏற்காமல், உடனிருப்போர் வற்புறுத்தி அழைத்துச் செல்வதே முறை. பரிசோதனையில் ஒன்றுமில்லை என்று தெரிந்தால் இழப்பது ஒரு பிற்பகலும் சிறிது பணமும் மட்டுமே.