வள்ளத்திற்கு எரிபொருள் நிரப்பும் முறை

லிங்கநகர் முதலிய திருகோணமலைத் துறைமுகத்தை அண்டிய ஊர்களில், கடற்றொழிலாளர் எரிபொருளைக் கலன்களிற் சுமந்து சென்று வள்ளத்திற்கு நிரப்புவது வழக்கம். மண்ணெண்ணெயில் ஓடும் வெளியிணைப்பு இயந்திரம் முதலிற் பெற்றோலிற் கிளப்பப்படுவதால், இருவகை எரிபொருளும் ஒரே வள்ளத்தில் இருக்கும். ஆபத்து இங்கேதான் தோன்றுகிறது.

மண்ணெண்ணெய் ஏறக்குறைய 38 பாகை செல்சியசுக்கு மேலேதான் எளிதில் தீப்பற்றும் ஆவியை விடும். பெற்றோலோ உறைபனிக் குளிரிலும் அதனை விடும். பெற்றோல் ஆவி காற்றினும் பாரமானது; வள்ளத்தின் அடியில் தங்கி நிற்கும். சிறு பொறியொன்றே அதற்குப் போதுமானது.

கலனைத் தெரிதல்: எரிபொருளுக்கென்றே செய்யப்பட்ட, இறுகப் பூட்டும் மூடியுள்ள கலனே ஏற்றது. குடிநீர்ப் போத்தல் ஆகாது. பிள்ளைகள் நீரென்று அருந்துவர். இரு கலன்களுக்கும் வெவ்வேறு நிறம் தீட்டல் வேண்டும். பெற்றோலை மண்ணெண்ணெயென்று எண்ணி விளக்கில் ஊற்றினால் வீடே எரியும். வெயிலில் எரிபொருள் விரிவதால், இருபதில் ஒரு பங்கு இடம் வெறுமையாக விடப்படல் வேண்டும்.

நிரப்புதல்: இயந்திரத்தை நிறுத்தி ஆறவிட்டு, கழற்றத்தக்க தாங்கியைக் கரையில் இறக்கி, நிலத்தில் வைத்தே நிரப்புதல் வேண்டும். அருகிற் புகைத்தல் கூடாது. கைப்பம்பியைப் பயன்படுத்துதல் நன்று. குழாயை வாயால் உறிஞ்சும் வழக்கம் அறவே ஒழிக்கப்படல் வேண்டும். சிறிதளவு எரிபொருள் நுரையீரலுட் புகினும் உயிருக்கு ஆபத்து நேரலாம். விழுங்கியவரை வாந்தியெடுக்கச் செய்யாது, உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்லல் வேண்டும்.

சிந்திய எரிபொருளைத் துணியால் ஒற்றியெடுத்து, அதன் மணம் முற்றாக நீங்கிய பின்னரே இயந்திரத்தைக் கிளப்புதல் வேண்டும்.